மரியா மொண்டிசோரி அம்மையாரும் மழலையர் விளையாட்டும்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் எம் கரையோரத்து ஊர்களில் ஒழுங்கைக்கு ஒன்றாகச் சிறு பள்ளிகள் உள. வாயிற் பலகையில் முன்பள்ளி என்றோ பாலர் பாடசாலை என்றோ எழுதியிருப்பினும், ஊரார் வாயில் வழங்குவது மொண்டிசோரி என்னும் ஒரு சொல்லேயாம். மூன்று வயது நிரம்பிய பிள்ளையைக் காணும் உறவினர் முதலிற் கேட்பது, மொண்டிசோரிக்குச் சேர்த்தாயிற்றா என்பதே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில் இரு சாராருக்கும் பொதுவாகிவிட்ட சொற்களுள் இதுவும் ஒன்று. இச்சொல் எம்மொழிக்கு உரியது என்று எம் வகுப்பு மாணவரை ஒருமுறை வினவினோம். ஆங்கிலம் என்றார் பலர். சிங்களமாயிருக்கலாம் என்றார் சிலர். சின்னப் பள்ளி என்பதே அதன் பொருள் என்று துணிந்து கூறினான் ஒருவன். அஃது ஓர் இத்தாலிய அம்மையாரின் பெயர் என நாம் சொன்னதும் வகுப்பு முழுவதும் நகைத்தது. நகைத்தவரை நாம் குறைகூறோம். ஆசிரிய கலாசாலையின் படிகளில் ஏறும்வரை எமக்கும் அது தெரியாது. கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பலரும் எழுதும் பெரியாரை விடுத்து இவ்வம்மையாரைத் தேர்ந்தமைக்கு அது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ஆந் திகதி, இத்தாலி தேசத்தின் கீழைக்கரையை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். பழைய ஒழுங்குகளிற் பற்று மிகுந்தவர். தாயார் ரெனில்டே, பெண்கள் நூல் படித்தல் அரிதாயிருந்த அக்காலத்திலேயே நூல்களை விரும்பிப் படித்தவர். 1875 இல் குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. படிக்கும் பெண் ஆசிரியையாகலாம், அதற்குமேல் அவளுக்கு வழியில்லை என்பது அந்நாள் வழக்கு. மரியாவோ ஆசிரியத் தொழில் ஒன்றைத் தவிர வேறெதனையும் செய்வேன் என்று நின்றவர். பின்னாளில் உலகெங்கும் ஆசிரியரை உருவாக்கிய ஒருவர் இளமையில் அத்தொழிலை அவ்வளவு வெறுத்தார் என்பதைச் சிறு முறுவலோடே எழுதுகின்றோம். ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்து கணிதத்தில் ஊறினார். பொறியியல் பயில எண்ணியவர் பின்னர் மனம் மாறி மருத்துவத்தை நாடினார்.

உரோமாபுரிப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பிரிவில் அவர் பட்ட இடர்கள் பல. ஆண் மாணவரோடு ஒருங்கு நின்று பிணம் அறுத்துப் பயில்தல் பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டது. ஆதலின் மாலையில் எல்லோரும் சென்றபின் தனியே இருந்து அப்பாடத்தைச் செய்தார். 1896 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் இவரே எனச் சில நூல்கள் கூறும். அது மிகை, அவருக்கு முன்னரும் சிலர் பட்டம் பெற்றிருந்தனர். முன்னோடிகளுள் ஒருவர் என்பதே சரி. எம்மவர் ஒப்பிட்டு அறிதற்பொருட்டு ஒன்று கூறுவோம்: சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றது 1912 இல்.

இளம் மருத்துவராகிய அவர் உரோமாபுரியின் பைத்தியசாலைகளுக்குச் சென்று நோயாளரைப் பார்த்து வந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய சிறு பிள்ளைகளையும் அந்நாளில் அங்கேதான் அடைத்து வைத்தனர். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்த அப்பத் துகள்களை நோக்கிப் பாய்வர் என்றும், அதனைப் பேராசை என்று பணிப்பெண் அருவருத்தாள் என்றும், அம்மையாரோ பிள்ளைகளைப் பாராது அவ்வறையைப் பார்த்தார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். நான்கு சுவரும் தரையும் அன்றி அவ்வறையில் ஒன்றுமில்லை. கையாற் பற்றுதற்கு, உருட்டுதற்கு, அடுக்குதற்கு ஒரு பொருளும் இல்லை. அப்பத் துகள் அப்பிள்ளைகளுக்கு உணவு அன்று. கைக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பொருள். மருந்தால் தீராத குறை கையால் தீரலாம் என்னும் எண்ணம் அங்கே அவர் நெஞ்சில் விழுந்தது.

அதன்பின் பிரான்சு தேசத்து மருத்துவர் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். ஒருவர் காட்டிலே தனித்துத் திரிந்து பிடிபட்ட சிறுவன் ஒருவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்க முயன்ற இத்தார். மற்றவர் அவர் வழிவந்த செகென். அந்நூல்களை இத்தாலிய மொழிக்கு மாற்றித் தம் கைப்பட எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதற்கு அதுவே வழி என்று அவர் கருதினார். 1900 இல் அறிவு குன்றிய பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். காலை எட்டு மணி தொடங்கி மாலை ஏழு மணி வரை அப்பிள்ளைகளோடே இருந்தார். அவர்களுட் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையை எழுதிச் சித்தியும் எய்தினர். ஊர் வியந்தது. அம்மையாருக்கு எழுந்ததோ வேறொரு கேள்வி: இப்பிள்ளைகளால் இவ்வளவு இயலுமாயின், குறையொன்றுமில்லாத பிள்ளைகள் அதே பரீட்சையில் இவர்களோடு சமமாய் நிற்பது ஏன்? அவர்களை எது பிடித்து வைத்திருக்கின்றது?

இக்காலத்து அவர் வாழ்விலே நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுதல் எளிது. விழா மலர்களில் அவ்வாறு விடுவதே வழக்கம். ஆயினும் விட மனம் ஒப்பவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் மொண்டெசானோ என்பவரால் 1898 இல் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. மணம் நிகழவில்லை. பழிக்கு அஞ்சிய அக்காலத்திலே குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தான். தாய் இடையிடையே சென்று பார்த்து வந்தார். 1912 இன் இறுதியில் தம் அன்னையார் மறைந்தபின்னரே மகனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். அப்பொழுதும் உறவுப் பிள்ளை என்றே உலகத்துக்குக் கூறினார். ஊரார் பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகளை உலகில் வேறெவரும் நோக்காத அளவு நோக்கிய கண்களுக்குத் தம் பிள்ளையின் அவ்வாண்டுகள் கிட்டவில்லை. அவர் பணியின் பின்னே அவ்வெறுமை இருந்தது என்பது எம் துணிபு.

உரோமாபுரியில் சான் லொறென்சோ என்பது ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரு கட்டடச் சங்கத்தார் அங்கே பழுதுற்ற மாடிவீடுகளைத் திருத்திக் கூலித் தொழிலாளருக்குக் கொடுத்தனர். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடியும் சுவர்களிற் கீறியும் கட்டடத்தைப் பாழ்படுத்தினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள யாரேனும் வேண்டும் என்று அம்மையாரை நாடினர். உலகப் புகழ் பெற்ற அப்பள்ளி, உண்மையைச் சொல்லின், சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவை மிச்சம் பிடிப்பதற்காகத் தொடங்கியதாகும். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, மார்சி வீதியில், குழந்தைகள் வீடு என்னும் பெயருடன் அது திறக்கப்பெற்றது. மூன்று வயது முதல் ஆறு வயது வரையான ஏறக்குறைய 50 பிள்ளைகள். அழுகையும் அச்சமும் நிறைந்தவர்கள்.

அங்கே அம்மையார் பாடம் நடத்தவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நண்பர்கள் வழங்கிய அழகிய பொம்மைகள் ஒரு பக்கம். அறிவு குன்றிய பிள்ளைகளுக்கென முன்னர் தாம் செய்வித்த மரக்கட்டைகள் மற்றொரு பக்கம். பிள்ளைகள் பொம்மைகளைச் சற்றே பார்த்துவிட்டுக் கட்டைகளிடம் போயினர். நிலத்தில் அறைந்த கனத்த வாங்குகளை நீக்கி, பிள்ளை தானே தூக்கி வைக்கக்கூடிய சிறு கதிரைகளும் மேசைகளும் செய்வித்தார். ஒருநாள் ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்துபோக, பிள்ளைகள் தாமே திறந்து வேண்டியதை எடுத்துத் தத்தம் இடத்திலிருந்து செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைக் களவு என்றார். அம்மையார் அடுத்து உயரமான அலுமாரியை நீக்கிப் பிள்ளையின் கைக்கெட்டும் தட்டுகளை வைப்பித்தார்.

அங்கு நிகழ்ந்தவற்றுள் ஒன்றை விரித்துக் கூறுதல் வேண்டும். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அக்குழிகளுக்கு அளவான, பருமன் படிப்படியாக வேறுபடும் பத்து உருளைகள். உருளைகளைக் கழற்றிக் கலந்துவிட்டு மீண்டும் உரிய குழியில் வைத்தல் வேண்டும். தவறான குழியில் வைத்தால் இறுதியில் ஓர் உருளை மிஞ்சும். ஆகவே பிழையைச் சுட்ட ஆசிரியர் தேவையில்லை, கட்டையே சுட்டும். மூன்று வயதளவான ஒரு சிறுமி இதனைச் செய்துகொண்டிருந்தாள். முடிந்ததும் கழற்றினாள், மீண்டும் வைத்தாள், மீண்டும் கழற்றினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். ஏனைய பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார், சிறுமி நிமிரவில்லை. அவள் இருந்த கதிரையோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேலாயிற்று. பின்னர், எவரும் சொல்லாமலே, துயில் நீங்கி எழுவாள் போல நிமிர்ந்து, முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். களைப்பில்லை. பரிசு தேவையில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு மனம் ஓரிடத்தில் நில்லாது என்று கூறிவந்த நூல்களெல்லாம் அன்று அவ்வறையிற் பொய்த்தன.

மறுவருடம், 1908 டிசம்பர் 28ஆந் திகதி விடியற்காலை, இத்தாலியின் தென்கோடியிலுள்ள மெசினா நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. நிலம் நடுங்கிய சற்று நேரத்திற் கடலும் ஏறியது. பல்லாயிரவர் மாண்டனர். இடிபாடுகளுக்கிடையே தனித்துக் கிடந்த ஏறக்குறைய 60 குழந்தைகள் உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு, ஜியூஸ்தி வீதியிலிருந்த கன்னியர் மடமொன்றில் அம்மையாரின் முறைப்படி வளர்க்கப்பட்டனர். தம் பெயரும் அறியாதவர் அவர்களிற் பலர். பேசமாட்டார், உண்ணமாட்டார், இரவில் அலறுவர். அவர்களுக்கு உபதேசம் எதுவும் செய்யப்படவில்லை. சிறு மேசைகளும் மலர்த்தட்டுகளும் கையிற் கொடுக்கப்பட்டன; நீர் வார்க்கவும் துடைக்கவும் அடுக்கவும் விடப்பட்டனர். நாளடைவில் உணவு செல்லத் தொடங்கிற்று, உறக்கம் வந்தது, பின்னர் சிரிப்பும் வந்தது.

முன்னே கூறாது வைத்த காரணத்தை இங்கே கூறுவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எம் கரையிலும் கடல் ஏறியது. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் கடலோரத் தெருக்களை இழந்தன. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேரளவில் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் எமதே. அப்பொழுது நாம் ஆசிரியர் அல்லோம். நியமனத்துக்காகக் காத்திருந்த இளைஞர். பாடசாலைக் கட்டடமொன்றில் அமைந்த அகதி முகாமில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்குமாறு சிலரோடு எம்மையும் அனுப்பினர். சிலேற்றும் கொப்பியும் வர்ணப் பென்சிலும் கொண்டு போனோம். எவ்வளவு விரைவாகப் பாடத்தைத் தொடங்குகின்றோமோ அவ்வளவு விரைவாகப் பிள்ளைகள் துயரை மறப்பர் என்று நம்பினோம்.

முற்றத்தில் ஒரு மணற்குவியல் கிடந்தது. நான்கு வயதளவான ஒரு பெண்பிள்ளை அதனருகே இருந்தாள். அவள் கையில் ஒரு சிரட்டை. அதில் மணலை நிரப்புவாள், உள்ளங்கையால் மட்டஞ் செய்வாள், கவிழ்ப்பாள், மேலே மூன்றுமுறை தட்டுவாள், மெல்லத் தூக்குவாள். புட்டுப்போல் மணல் நிற்கும். வரிசையாக ஐந்தாறு வைத்ததும் கையால் வழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவாள். எவரோடும் பேசினாளில்லை. முதல் நாள் பொறுத்தோம். இரண்டாம் நாள், இப்படியே விட்டால் பிள்ளை பித்துப்பிடித்துப் போகும் என்று எண்ணி, சிரட்டையை அவள் கையிலிருந்து வாங்கிச் சிலேற்றை மடியில் வைத்தோம். வாங்கி என்று எழுதினோம். பிடுங்கி என்பதே சரி. அவள் அழவில்லை. எம்மைப் பார்க்கவுமில்லை. சிலேற்றை மடியில் வைத்தபடி, கைகளைத் தொங்கவிட்டு அப்படியே இருந்தாள். திண்ணையிலிருந்த மூத்தம்மா ஒருவர் எழுந்து வந்தார். அவள் உறவினரல்லர், அதே முகாமில் ஒதுங்கியிருந்த ஒருவர். சிலேற்றை எடுத்து ஓரமாக வைத்தார். சிரட்டையைத் தேடியெடுத்துப் பிள்ளையின் கையிற் கொடுத்தார். தம்பி, பிள்ளை தன் வேலையைப் பார்க்கட்டும் என்று மட்டும் எமக்குச் சொல்லிவிட்டுப் போய் இருந்துகொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து ஆசிரிய கலாசாலை நூலகத்தில் உருளைச் சிறுமியின் கதையையும் மெசினாப் பிள்ளைகளின் கதையையும் ஒரே மாலையிற் படித்தோம். அன்றிரவு எமக்கு நித்திரை இல்லை.

எழுத்துக் கற்பிப்பதில் அம்மையார் கண்ட வழி எம்மவருக்குப் புதியதன்று. தச்சர் மரம் மினுக்கும் மணற்கடதாசியில் எழுத்துருவங்களை வெட்டிப் பலகையில் ஒட்டினார். பிள்ளை இரண்டு விரல்களால் அவ்வுருவத்தைத் தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். கண்ணும் காதும் கையும் ஒன்றாகக் கற்கும். விசயதசமி நாளில் தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் எம் ஏடு தொடக்கலும், திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பயின்ற எம் பாட்டனார் முறையும் இதுவேயன்றோ? வேறுபாடு ஒன்றுண்டு. நாம் அரிசியை ஒரு காலைப்பொழுதுக்கு வைத்துக்கொண்டு, மறுநாளே பென்சிலைத் திணிக்கின்றோம். அம்மையாரோ எழுதச் சொல்லவேயில்லை. தடவுவதற்கு மாதக்கணக்கிற் பொழுது கொடுத்தார். மார்கழி மாதத்து இளவெயிலில் ஒருநாள் மாடியின் மேல்தளத்தில் பிள்ளைகளோடு இருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், எவரும் ஏவாமலே, தரையில் ஒரு சொல்லை எழுதினான். எழுத வருகிறது என்று கூவினான். அடுத்தடுத்து மற்றப் பிள்ளைகளும் வெண்கட்டியைப் பறித்து எழுதத் தொடங்கினர். அச்சிறுவன் எழுதிய முதற் சொல் கை என்பது.

இனி, விளையாட்டு என்னும் சொல்லைப் பற்றிய ஒரு வழக்கு உண்டு. ஜெர்மனி தேசத்துப் புரோபல் என்னும் அறிஞர் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, விளையாட்டே குழந்தையின் கல்வி என்று நிலைநாட்டினார். அம்மையார் அச்சொல்லை விரும்பினாரல்லர். பிள்ளை செய்வது வேலை என்றார். பெரியவர் வேலை பொருளை ஆக்கும். பிள்ளையின் வேலை பிள்ளையையே ஆக்கும் என்பது அவர் கருத்து. விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று எண்ணும் பெற்றோர் முன்னிலையில் இது வலிய வாதம். முகாமில் அந்த மூத்தம்மா எந்நூலையும் படியாமலே இதே சொல்லைச் சொன்னார்.

ஆயினும் அம்மையார் ஒரு படி அதிகம் சென்றார். இல்லாததை இருப்பதாகப் பாவித்து ஆடும் ஆட்டத்தையும், பேயும் தேவதையும் வரும் கதைகளையும் சிறு பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்க விரும்பினார். வெறுஞ் சிரட்டையைச் சோற்றுப்பானை என்று பாவிக்கும் பிள்ளைக்கு உண்மையான பானையையும் அடுப்படி வேலையையும் கொடு என்பார். இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்படோம். தமிழ்ப் புலவர் பிள்ளைத்தமிழ் பாடியபோது பத்துப் பருவங்களிற் கடைசி மூன்றை விளையாட்டுக்கே ஒதுக்கினர். ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும். பெண்பாலுக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துச் சிறுமியர் கட்டிய மணல்வீடு எம் கரையில் இன்றும் கட்டப்படுகின்றது. மண்சோறு சமைக்கும் பிள்ளை மூன்று பேருக்குப் பங்கிடும்போது கணக்குக் கற்கிறது. இது உம்மாவுக்கு, இது வாப்பாவுக்கு என்று வைக்கும்போது மொழியும் உறவும் கற்கிறது. கொக்கான் வெட்டும் சிறுமி ஒரு கல்லை எறிந்து அது விழுமுன் மற்றவற்றைக் கூட்டியள்ளும்போது எந்தப் பயிற்சிப் பலகை அந்தக் கைக்கும் கண்ணுக்கும் ஈடாகும்? மருதமுனையில் தறிக்கொட்டிலின் கீழே, நூல் சுற்றிய கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கும் மூன்று வயதுப் பிள்ளையை நாம் கண்டிருக்கின்றோம். அம்மையார் கண்டிருப்பின் அவ்விடத்திலேயே குந்தியிருந்து எண்ணத் தொடங்கியிருப்பார்.

அவர் புகழ் பரவிய கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 1909 இல் வெளிவந்த அவரது முதல் நூல் விரைவிற் பல மொழிகளுக்குப் பெயர்ந்தது. 1913 இல் அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. சில ஆண்டுகளில் மறந்தும் போயிற்று. இத்தாலியில் முசோலினி முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தார். பிள்ளைகளைக் கட்டளைக்கு அடிபணியும் படையாக்க விரும்பியவருக்கும், பிள்ளை தானே தேர்ந்து செய்யட்டும் என்றவருக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? முதலிற் சேர்ந்தது அம்மையாரின் பிழை என்றே சொல்வோம். 1934 அளவில் உறவு முறிந்து பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் ஹிட்லர் ஆட்சியில் மூடப்பட்டன. அவர் குடியிருந்த ஸ்பெயின் தேசத்து பார்சலோனா நகரிலிருந்தும் 1936 இல் உள்நாட்டுப் போர் அவரைத் துரத்தியது. ஒல்லாந்து தேசம் அடைக்கலம் கொடுத்தது.

1939இன் இறுதியில், பிரமஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 69 வயதில், மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அருண்டேலின் துணைவியாரே பரதநாட்டியத்தால் எம்மவர் நன்கறிந்த ருக்மிணி தேவி. அடையாற்றில் ஓலைக் கொட்டில்களின் கீழே ஏறக்குறைய 300 ஆசிரியர்கள் இருந்து கேட்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்தார். சில மாதமே இருந்து மீள எண்ணி வந்தவர். 1940 ஜூன் 10ஆந் திகதி இத்தாலி போரில் இறங்கியது. தாயும் மகனும் ஒரு நாளிற் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ அகமத்நகர் முகாமிற் சிறைவைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லையைக் கடக்கலாகாது எனப்பட்டது. ஆகஸ்ட் 31ஆந் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாட் பரிசு என்ன தகும் என்று ஆராய்ந்த இராசப்பிரதிநிதி, மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். ஒளித்து வைத்த மகனை அரசாங்கம் பரிசாகத் திருப்பித் தந்தது.

பின்னர் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தனர். வயது வேறுபட்ட பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியொன்று அங்கே அமைந்தது. அதில் அம்மையாருக்குத் துணைநின்றோருள் இலங்கையரான லீனா விக்கிரமரத்ன அம்மையாரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் ஆசிரியரைப் பயிற்றினார். 1944 இல் மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். காரைதீவு தந்த விபுலானந்த அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பில் இருந்த காலம் அது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையைப் பற்றி அம்மையார் எழுதிய பெருநூல் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து எழுந்ததாகும். 1949 இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று. தாயின் இடுப்பிலிருந்தபடி சந்தையையும் கிணற்றடியையும் காணும் குழந்தை, தொட்டிலில் தனித்துக் கிடக்கும் குழந்தையிலும் மிகுதியாகக் கற்கும் என்பது அவர் கொள்கை.

அவர் பெயர் தாங்கிய எம்மூர்ப் பள்ளிகளுக்கு மீள்வோம். பெயரை எவரும் இடலாம், தடையில்லை. உள்ளே நுழைந்தால் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளை கொப்பியில் கோடுகளுக்கிடையே எழுத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். நான்கு வயதில் நூறு வரை எழுதல் வேண்டும். வீட்டுப்பாடமும் உண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் அங்கேயே விழத் தொடங்குகின்றது. இதற்கு அங்குப் படிப்பிக்கும் இளம்பெண்களைக் குற்றங்கூறுவது அறமன்று. சொற்ப வேதனத்துக்கு உழைப்பவர்கள் அவர்கள். மணலில் ஆடவிட்டால், பிள்ளை ஒன்றும் படிக்கவில்லை என்று மறுமாதமே பெற்றோர் வேறு பள்ளிக்குக் கொண்டுபோவர். அப்பெற்றோருள் நாம் படிப்பித்த மாணவரும் உளர். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த பழைய மாணவரும் உளர். அவர்களுட் சிலர் இம்மலரைப் படிப்பர் என்பதை அறிந்தே எழுதுகின்றோம். நெய்தற் கரையிற் பிறந்த பிள்ளைக்கு மணலும் சோகியும் சிப்பியும் மஞ்சாடி விதையும் காசின்றிக் கிடைக்கின்றன. கொப்பிக்கே காசு வேண்டும்.

போர் முடிந்தபின் 1946 இல் அம்மையார் ஐரோப்பா சென்றார்; மறுவருடமே மீண்டும் இந்தியாவுக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. இறுதி நாட்களை ஒல்லாந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்விக்கில் கழித்தார். 1952 மே மாதம் 6ஆந் திகதி, தோட்டத்தை அடுத்த அறையில் மாரியோவுடன் இருந்து, மேற்கு ஆபிரிக்காவில் இன்று கானா என வழங்கும் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஆசிரியரைப் பயிற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வயது 81. இவ்வுடல்நிலையில் அவ்வளவு தூரம் போகலாகாது என்று மகன் தடுத்துப் பார்த்தார். சிறிது நேரத்திற்குள் அம்மையாரின் உயிர் பிரிந்தது. தாம் எங்கே இறப்பினும் அங்கேயே அடக்கம் செய்க என்று சொல்லியிருந்தமையால் அக்கடற்கரை ஊரிலேயே அடக்கம் செய்தனர். அவர் எழுதி வைத்த மரண சாசனத்தில் மாரியோவை, உறவுப் பிள்ளை என்னாது, தம் மகன் என்றே குறித்திருந்தார்.